வேணியை உட்காரச் சொன்னது யார்?

திருச்சி,
ஆடி 12

மதிப்பிற்குரிய முருகானந்தம் மாமா அவர்களுக்கு, மைத்துனன் அழகர்சாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், சுகர் மட்டும் நலமில்லை. தாங்களும் அக்காவும் நலமாக இருக்க சமயபுரத்தாளை வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அக்காவிடம் கொடுத்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

விஷயம் என்னவென்றால், எங்கள் ஜவுளிக்கடைக்கு பிரவீன்ராஜ் என்று புது மேனேஜர் வந்திருக்கிறார். ஊழியர்கள் உட்கார நாற்காலி தரணும்னு சட்டம் இருக்கிறதால மாடிக்கு ரெண்டு நாற்காலி போட்டார். போட்ட கையோடு, கஸ்டமர் இருந்தா உட்காரக் கூடாது, கஸ்டமர் இல்லைன்னா சேலை மடிக்கணும்னு நோட்டீசும் ஒட்டிட்டார். அப்புறம் எப்பத்தான் உக்கார்றதுன்னு கேட்டா, "அண்ணே, நாற்காலி இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க"ங்கிறார். நான் மூணாவது மாடி சூப்பர்வைசர். என் செக்‌ஷன்ல வேணின்னு ஒரு பொண்ணு, ஏழு மாசம். தள்ளுபடிக் கூட்டத்துல நின்னு நின்னு கால் ரெண்டும் பன்னு மாதிரி வீங்கிப்போச்சு. இன்னிக்கு ஒன்பது கஜம் வாங்க வந்த ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தங்க அதைப் பார்த்துட்டு, "ஏண்டிம்மா, உக்காந்துண்டே காட்டேன், புடவை ஓடியா போயிடும்?"னாங்க. வேணி என்னைப் பார்த்துச்சு. நான் ஃபேனைப் பார்த்தேன். உக்காந்துடுச்சு. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, கேமராவுல பார்த்த மேனேஜர் படியேறி ஓடி வந்து "எந்திரி"ன்னார். பதறி எந்திரிச்ச பொண்ணு தலை சுத்தி சேலைக் குவியல் மேலயே சாஞ்சிடுச்சு மாமா. மாமிதான் தண்ணி தெளிச்சு எழுப்பினாங்க.

சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வேணியை நிறுத்தணும், புகார் எழுதிக் குடுங்க"ன்னார். இத்தனை நாளும் நிறுத்தித்தானே வச்சிருந்தோம்னு நினைச்சுக்கிட்டேன். பேப்பரை வாங்கினா கை ஓடலை. ஃபேனைப் பார்த்தவன் நான்தானே? 'வேணியை உட்காரச் சொன்னது நான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். "யோசிச்சீங்களா அண்ணே?"ன்னார். யோசிச்சிருந்தா எழுதியிருப்பேனா? நாளைக்குக் காலையில வந்து பார்க்கச் சொல்லியிருக்கார். எதுக்குன்னு எனக்கே தெரியும்.

ஆகையால், துறையூரில் தங்கள் ஹார்டுவேர் கடையில் எனக்கொரு வேலை தரும்படி வேண்டுகிறேன். ஆணியோ பெயிண்டோ, எதுவானாலும் கற்றுக்கொள்வேன். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
அழகர்சாமி

பி.கு.: கவரை ஒட்டாமலே காலையில் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வேலை கேட்டதை மறந்துடுங்க மாமா. நான் எழுதினது ராத்திரியே கடை ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோய், மேனேஜர் மேசையில பத்தொன்பது கடிதம். உட்காரச் சொன்னது நான்தான்னு ஒவ்வொருத்தரும் எழுதியிருக்காங்க. ஆடித் தள்ளுபடியில பத்தொன்பது பேரை அனுப்பிட்டு யாரை வச்சு விக்கிறது? நோட்டீசை அவரே கிழிச்சுட்டார். வேணி உக்காந்து சேலை காட்டுது. வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி ஜோஸும் எழுதியிருக்கார். வேலைக்குச் சேர்ந்த இந்த நாலு வருஷத்துல அவர் மூணாவது மாடிக்கு வந்ததே இல்லை.