விஜயபுரத்து ஆட்டக்காரர்கள்

"டேய், பத்துப் பேர் வந்தா அதுல ஒம்போது பேர் விஜயபுரம்டா!" என்று எத்திராஜ் கத்தியதும் தமிழ்ச்செல்வன் கம்ப்யூட்டரிடம் ஓடி வந்தான்.

இருவரும் பெங்களூர்க் கம்பெனி வேலையை உதறிவிட்டு, திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியறையில் ஆன்லைன் தாய விளையாட்டு நடத்துகிறவர்கள். ஆட வருகிறவர் எந்த ஊரிலிருந்து ஆடுகிறார் என்று கம்ப்யூட்டரே காட்டிக் கொடுத்துவிடும். இப்போது அது காட்டிய ஊர்தான் வம்பு.

விஜயபுரம் காஞ்சனாவின் ஊர். பெண் பார்க்கப் போன அன்று காபியை நீட்டிவிட்டு, "போன்லயே தாயம் ஆடலாமா?" என்று கேட்டுச் சிரித்தாளே, அன்றைக்குப் போன தூக்கம் தமிழ்ச்செல்வனுக்கு இன்னும் திரும்பவில்லை. ஆனால் அவளுடைய அப்பா வீராசாமி லேசில் மசிகிற ஆளா?

"கடைன்னா ஜனம் வந்து போவணும். வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கறேன். எங்க ஊர்லயே நாலு பேரைப் புடிச்சு கூட்டம் காட்டற வேலையெல்லாம் என்கிட்ட ஆவாது. அப்படி ஏதாவது பண்ணா பொண்ணு கெடையாது" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

"நான்தான் ஆள் வெச்சு ஆட வெக்கறேன்னு நெனைச்சுருவாருடா! விஜயபுரத்தை மூடு!" என்று தமிழ்ச்செல்வன் பதறினான்.

எத்திராஜ் மூடினான். இனி அந்த ஊரிலிருந்து யார் வந்தாலும் விளையாட்டு திறக்காது.

மறுநாள் காலை கம்ப்யூட்டரில் விஜயபுரத்து ஆள் ஒருவர்கூட இல்லை. அத்தனை கூட்டமும் நாகலாபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

"பக்கத்து ஊர்டா! எவனோ என் கல்யாணத்தைக் கெடுக்கறதுக்குன்னே ஆள் அனுப்பிக்கினு கீறான். அதையும் மூடு!"

மூடியதும் கூட்டம் சூளூர்பேட்டையில் முளைத்தது. அதையும் மூடினார்கள். மிஞ்சியிருந்த ஒன்றிரண்டு பேரும், ஜோடிக்கு ஆள் கிடைக்காமல் கிளம்பிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை வீராசாமி, தங்கை செல்லியம்மாவோடு படியேறி வந்தார். வந்தவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஈ காக்காகூட காணோம்?"

"இல்ல மாமா... நேத்து வரைக்கும் வந்துக்கினுதான் இருந்தாங்க..."

"நேத்தா? சரி, நாங்க வர்றோம்."

வீராசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் படியிறங்கினால் காஞ்சனா இல்லை. தமிழ்ச்செல்வன் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு உள்ளதையெல்லாம் உளறிக் கொட்டினான்.

"மாமா, வந்தவங்க எல்லாம் உங்க ஊர்ப் பக்கத்துக்காரங்க! நான் செட்டப் பண்ணேன்னு நெனைச்சுப்பீங்களேன்னு பயந்து, நான்தான் யாரையும் உள்ள விடாம நிறுத்திட்டேன். எவன் அனுப்பிச்சான்னு சத்தியமா எனக்குத் தெரியாது!"

மூலையில் நின்றிருந்த செல்லியம்மா, அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு தமிழ்ச்செல்வன் பக்கம் திரும்பினாள்.

"எவனும் அனுப்பல. உன் கடைக்குக் கூட்டம் வரணும்னு வீடு வீடாப் போயி எங்களுக்கு ஆடக் கத்துக் குடுத்தவ காஞ்சனா. நீ மூட மூட எங்களை பஸ் ஏத்தி சூளூர்பேட்டை வரைக்கும் இட்டுக்கினு போனவளும் அவதான். ஊரையே வெளிய நிறுத்திட்டியே, அவளை மட்டும் எப்படிப்பா உள்ள விடுவே?"