கீச்சிடாத சைக்கிள்

புதன்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குக் கிளைவ் ஆர்மராட்டின் சைக்கிள் கீச்சிட ஆரம்பித்தது. ஸ்டேஷன் வரைக்கும் மூன்று மைல், ஒரு கஜம்கூட ஓயவில்லை. வழியில் பண்ணை நாய்கள் இரண்டு கூடவே ஓடிவந்து, என்ன விஷயம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

திங்கட்கிழமை கீச்சிடவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. பழைய சைக்கிள்தான் என்றாலும் வாங்கி நாலு நாள்தான் ஆகிறது. செவ்வாய் மாலை ரயில் பாதி வழியில் படுத்துக்கொண்டு, எல்லோரையும் எதிர் நடைமேடை வண்டிக்கு விரட்டினார்களே, அந்தத் தள்ளுமுள்ளில் எங்கேயோ அடி பட்டிருக்க வேண்டும் என்று கிளைவ் முடிவு கட்டினார். அன்றிரவு வெகு நேரமாகிவிட்டதால் மனைவிதான் காரில் வந்து அவரையும் சைக்கிளையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மணியைக்கூடக் காணவில்லை. போதாத குறைக்குச் சீட் வேறு, உட்கார்ந்ததும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. கிராமத்தை விட்டுக் கிளம்பும்போது ஆறடி மனிதராக இருந்தவர், ஸ்டேஷனில் முழங்கால் மோவாயில் இடிக்க வந்து சேர்ந்தார்.

இந்த சைக்கிள் ஒழுங்காக ஓடியே தீர வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவர் மனைவி மாரியன்தான் தினமும் அவரைக் காரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறாள். இரவு உடைக்கு மேல் கோட், காலில் சேற்று பூட்ஸ். அந்தக் கோலத்தில் அவளைப் பார்க்காத ஆடு மாடு கென்ட் மாவட்டத்தில் கிடையாது. இப்போது பக்கத்து ஊர்க் குதிரை ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட வேலை. காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், கார் அவளுக்கு வேண்டும். இரண்டாவது காருக்கு வீட்டு வாசலிலும் இடமில்லை, பேங்கிலும் இடமில்லை. பஸ்ஸை நிறுத்தி இருபது வருஷமாகிறது.

"மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்" என்றாள் மாரியன். "நீ தனியாப் போயிடுவியா, கிளைவ்? நெஜமாச் சொல்லு."

"சைக்கிள்ல போறேன். நீ சரின்னு எழுதிக் கொடு."

"முதல்ல ஓட்டு. அப்புறம் எழுதறேன்" என்றாள். பத்தொன்பது வருஷ அனுபவம் பேசியது.

லண்டன் போகும் காலை ரயிலில் மடக்கினால்தான் சைக்கிளுக்கு இடம். அதனால்தான் மிஸஸ் பெங்கெல்லியின் காலமான கணவருடைய மடக்கு சைக்கிளை வாங்கினார். கறுப்பு நிறம். மூன்றாக மடித்தால் ஒரு சூட்கேஸ் அளவுக்கு அடங்கிவிடும்.

ஏழு பன்னிரண்டு ரயிலில் கதவோரத் தட்டில் சைக்கிளைச் செருகிவிட்டுக் கிளைவ் தன் இடத்தில் உட்கார்ந்தார். எதிரே சாம்பல் மீசைக்காரர். பதினோரு வருஷமாக இருவரும் முழங்காலுக்கு முழங்கால் உட்கார்ந்து லண்டன் போய், அப்படியே திரும்புகிறார்கள். அவருக்குச் சீஸ் சாண்ட்விச்சில் ஊறுகாய் அதிகம் வேண்டும் என்பது கிளைவுக்குத் தெரியும். பெயர் தெரியாது. அந்த ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒருமுறை பனியில் வண்டி நாலு மணி நேரம் நின்றபோது மீசைக்காரர் "குளிரா இருக்கு" என்றார். "ஆமா" என்றார் கிளைவ். கொஞ்சம் அளவு மீறிப் போய்விட்டதாக இருவருக்குமே பட்டது. பிறகு ஒரு மாதம் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மீசைக்காரரிடமும் ஒரு மடக்கு சைக்கிள் இருந்தது. அதே கம்பெனி, அதே கறுப்பு. தட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

அந்தப் புதன்கிழமை மீசைக்காரர் தொண்டையைக் கனைத்தார். பாவம், சளி போலிருக்கிறது என்று கிளைவ் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலையில் நேராக மெக்கானிக் டெஸ் கடைக்குப் போனார். டெஸ் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பல்லி கத்துவதைக் கேட்பதுபோல் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"யாரு தலைவரே உங்களுக்கு இதைத் தலையில கட்டினது?"

"ஒரு வயசான அம்மா. அவங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் ஓட்டினாராம்."

"சர்ச் எங்க, ஸ்காட்லாந்துலயா?"

டெஸ் சீட்டுக் கம்பியைக் கழற்றிப் புதிது போட்டான். பளபளவென்று இருந்தது. கீச்சுக்கு எண்ணெய் போட்டால் போதும் என்றான். வீட்டுக்கு வந்த கிளைவ், போடுவதுதான் போடுகிறோம், குறை வைப்பானேன் என்று கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் எண்ணெய் போட்டார். பிரேக் கட்டைக்கும் போட்டார்.

வியாழக்கிழமை காலை, பாதிரியார் வீட்டு வேலிச்செடிக்குள் புகுந்துதான் அவரால் நிற்க முடிந்தது.

"ஆர்மராட், காலையில சர்ச்சுக்கு வர்ற ஆள் இல்லையே நீங்க?" என்றார் ஜன்னலைத் திறந்த பாதிரியார்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றார் கிளைவ், செடிக்குள் இருந்தபடியே.

ரயிலில் மீசைக்காரர் புதுச் சீட்டுக் கம்பியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பொறாமை, என்று நினைத்துக்கொண்டார் கிளைவ். அன்றைக்கு அதுதான் ஒரே ஆறுதல்.

மறுநாள் டெஸ் புது பிரேக் கட்டை போட்டான். சைக்கிள் நின்றது. ஆனால் முன்பு ஓடும்போது மட்டும் கீச்சிட்டது, இப்போது நிற்கும்போதும் கீச்சிட்டது.

"இன்னொண்ணு தலைவரே. மூணு கியர்னு சொன்னீங்களே, இதுல ரெண்டுதான் இருக்கு."

கிளைவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் இரண்டு நாளும் பயந்துகொண்டு கியரைத் தொடவே இல்லை. ஆனால் மிஸஸ் பெங்கெல்லி மூன்று என்று விரல் விட்டுக் காட்டினாரே! இப்படியா ஒரு மனுஷனை ஏமாற்றுவது? சனிக்கிழமை கோபம் தலைக்கேற அந்த அம்மாள் வீட்டுக்குப் போனார்.

மிஸஸ் பெங்கெல்லி எலுமிச்சை கேக் வெட்டித் தட்டில் வைத்தார். டீ ஊற்றினார்.

"வண்டி எப்படி ஓடுது? எங்க ஆர்த்தருக்கு அது உசிரு. ஒரு நாள் ஒரு சத்தம் போட்டதில்லை. ஏதாவது குறை இருந்தா மறைக்காமச் சொல்லுங்க."

கிளைவ் கேக்கை விழுங்கினார். மூன்று முறை வாயைத் திறந்தார். ஆர்த்தர் பெங்கெல்லி சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டு சிரித்தார்.

"குறையா? ஒண்ணுமே இல்லைங்க. ரொம்ப நல்லா ஓடுது."

"எனக்குத் தெரியும். அவரோட பம்ப்பும் மழைக்கோட்டும்கூட இருக்கு, வேணுமா?"

சண்டை போடப் போனவர் பம்ப்பையும் மழைக்கோட்டையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். மாரியன் அந்தக் கோட்டை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தாள்.

"திட்டிட்டு வர்றேன்னுதானே போன?"

"மனசுக்குள்ள நல்லாத் திட்டினேன்."

அடுத்த வாரம் டெஸ் பின்சக்கரத்தில் புதிதாக மூன்று கியர் பொருத்தினான். மேடு ஏறுவது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் புதுப் பல்சக்கரம் பெரிது, சைக்கிள் முழுசாக மடியவில்லை. பாதி விரித்த குடைபோல நின்றது.

"சார், இது மடியலையே" என்றார் ரயில் கார்டு.

"மடியும். கொஞ்சம் வெட்கப்படுது."

"வெட்கம் தெளிஞ்சதும் அடுத்த வண்டியில கூட்டிட்டு வாங்க."

கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் மீசைக்காரர் பாதி எழுந்து நின்று கையை ஆட்டி என்னவோ சொல்ல முயல்வது தெரிந்தது. கிண்டல் செய்கிறார் என்று கிளைவுக்குக் கோபம் வந்தது. அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம். ஆபீஸில் அன்று முதல்முறையாகக் காரணம் கேட்டு எழுதி வாங்கினார்கள்.

மடிப்பு சரியாக வேண்டுமானால் நடுக் கீலை மாற்ற வேண்டும் என்றான் டெஸ். மாற்றினான். புதுக் கீல் மடியும்போது கிளைவின் கால்சட்டையையும் சேர்த்து மடித்துக்கொண்டது. அதற்காகப் பெடலை மாற்றினார்கள். பெடல் மாறியதில் செயின் தளர்ந்தது. டெஸ் இப்போதெல்லாம் அவர் வரும்போதே அவருக்கென்று தனியாக ஒரு டீக் கோப்பையைக் கழுவி வைத்தான்.

எதிரே மீசைக்காரரின் சைக்கிளைப் பார்க்கப் பார்க்கக் கிளைவுக்கு வயிறு எரிந்தது. அதில் புதுசாக ஒரு திருகாணிகூட இல்லை. அந்த மனிதர் அதை லண்டனில் தட்டிலிருந்து எடுத்து, மூன்றே அசைவில் விரித்து, சத்தமே இல்லாமல் வெண்ணெயில் வழுக்குவதுபோல் போய்விடுவார். ரயில் குலுங்கினால் அதன் பித்தளை மணி மட்டும் மரியாதையாக ஒரு முறை 'டிங்' என்னும். அதுவல்லவா சைக்கிள்! அப்படி ஒன்று மட்டும் கிடைத்திருந்தால் மாரியன் இந்நேரம் குதிரைகளோடு இருப்பாள்.

மீசைக்காரரோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார். கிளைவின் சைக்கிளில் ஒவ்வொரு புதுச் சாமான் ஏறும்போதும் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு நாள் கிளைவைப் பார்த்து, மூச்சை இழுத்து, "நான் வந்து..." என்று ஆரம்பித்தார். பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"...மழை வரும்போல இருக்கு" என்று முடித்தார்.

வெளியே வெயில் காய்ந்தது. பதினோரு வருஷத்தில் இரண்டாவது தடவை! இந்த மனிதர் எங்கே போய் நிற்பாரோ என்று கிளைவுக்குப் பயமாகிவிட்டது.

மாசக் கடைசி வியாழக்கிழமை காலை, சரியாகப் பாதி வழியில், செயின் அறுந்தது. கிளைவ் சாலையோரத்தில் நின்று வீட்டுக்குப் போன் செய்தார். பத்தே நிமிஷத்தில் இரவு உடையும் சேற்று பூட்ஸுமாக மாரியன் வந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. சைக்கிளை அவளே மடித்துக் காரின் பின்னால் வைத்தாள்.

ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தியபிறகுதான் பேசினாள்.

"நாளைக்குக் காலையில அவங்களுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்."

"மாரியன், இன்னும் ஒரு நாள் இருக்கு."

"பரவாயில்ல கிளைவ். குதிரைங்க எங்கயும் ஓடிடாது." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

கிளைவுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று முழுவதும் ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. தன் ஒருவனை ஸ்டேஷனில் கொண்டுவந்து போடவே ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பத்தொன்பது வருஷம் போயிருக்கிறது, இனி மிச்சமும் போகப் போகிறது. இந்த நினைப்பு அவரை விடவில்லை. மாலை ரயிலில் ஏறும்போது அவர் ஒரு முடிவோடு இருந்தார்.

வண்டி லண்டனைத் தாண்டியது. கதவோரத் தட்டில் இரண்டு சைக்கிள்கள். ஒன்று புதுச் சீட்டுக் கம்பி, புது பிரேக், புதுக் கியர், புதுக் கீல், புதுப் பெடல் எல்லாம் மின்ன, அறுந்த செயினோடு. மற்றது சும்மா. ரயில் ஒரு வளைவில் திரும்பியது. 'டிங்.'

கிளைவ் முன்னால் குனிந்தார்.

"மன்னிக்கணும் சார்" என்றார்.

பக்கத்து இருக்கை அம்மாளின் பின்னல் ஊசி கீழே விழுந்தது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செல்போனில் மும்முரமானார்கள். மீசைக்காரர் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"சொல்லுங்க" என்றார் அவர்.

"இப்படிக் கேக்கறது தப்புன்னு எனக்குத் தெரியும். நாம பழக்கமில்லாதவங்க. பதினோரு வருஷம்தான் ஆகுது. ஆனா எனக்கு வேற வழியில்ல. நாளைக்குக் காலையில நான் ஸ்டேஷனுக்கு ஒழுங்கா வந்து சேரலைன்னா என் பொண்டாட்டி அவ ஆசைப்பட்ட வேலையை விட்டுடுவா. இது என்ன சைக்கிளோ, எத்தனை மாத்தினாலும் ஓட மாட்டேங்குது. உங்க சைக்கிளை எனக்கு வித்துடறீங்களா? என்ன விலை சொன்னாலும் தர்றேன். வேணும்னா என்னோடதையும் எடுத்துக்கங்க."

மீசைக்காரரின் முகம் வெளுத்து, சிவந்து, மறுபடியும் வெளுத்தது. கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார்.

"அதை நான் எப்படி சார் விக்க முடியும்?" என்றார் கடைசியில். "அது உங்க சைக்கிளாச்சே! அன்னைக்கு ரயில் மாறுற அவசரத்துல நீங்க என்னோடதைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. மறுநாளே சொல்லணும்னு தொண்டையைக் கனைச்சேன், நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. அதுக்கு மறுநாள் பார்த்தா என்னோடதுக்குப் புது சீட்டுக் கம்பி போட்டிருந்தீங்க, அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"