பக்கத்து ரோட்டுக் காலி வீடு

நெய்வேலி,
வெள்ளிக்கிழமை.

சீமைக்குப் படிக்கப் போன என் சீமாட்டி சண்முகப்ரியாவுக்கு அப்பத்தா கஸ்தூரியம்மாள் ஆயிரம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு உன் அப்பன் கருணாகரன், அம்மா தமயந்தி, நான் மூவரும் சுகம். உன் சுகத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. உங்கள் ஊரில் வாரம் தவறாமல் ஒரு கொலை விழுகிறதே!

நீ பார்க்கச் சொன்ன, தமிழ் பேசுகிற இங்கிலீஷ் துப்பறியும் சீரியலைத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கதை. அதுவும் நம்மைப் போல நிலக்கரி ஊர். சுரங்கத்தை மூடுகிறார்கள், பொம்பளைப் பிள்ளைகள் முடியைக் கத்தரித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், ஆம்பளைகள் வீட்டில் உட்கார்ந்து முறைக்கிறார்கள், யாராவது செத்துப்போகிறார்கள். தொப்பி போட்ட இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டே கண்டுபிடிப்பார். நான் அஞ்சாங்கிளாஸ்தான், ஆனாலும் அவர் டீ ஆறுவதற்குள் எனக்குக் கொலைகாரன் தெரிந்துவிடும்.

நேற்று மட்டும் தெரியவில்லை. ஊரே காலி பண்ணிப் புது வீடுகளுக்குப் போகிறது. ஒரு கிழவி மட்டும் பழைய வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி செத்துக் கிடக்கிறாள். கிழவி தன் மகள் வீட்டில் இருக்கிறாள் என்று மகன் நினைத்தானாம், மகன் வீட்டில் என்று மகள் நினைத்தாளாம். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். யாரையும் பிடிக்கவில்லை.

உன் அப்பனும் இந்த மாசம் ரிடையர்டு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிச் சென்னை பிளாட்டுக்குப் போகப் பெட்டி கட்டுகிறார்கள். நான் எங்கே என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டிவியைக்கூடக் கட்டிவிட்டதால் ரெஜினா டீச்சர் வீட்டில்தான் சீரியல் பார்த்தேன். அந்த யோசனையிலேயே திரும்பி நடந்து வந்து, பலாமரத்தடியில் திரும்பி, பச்சைக் கதவைத் தள்ளினால் வீடு காலி! என் கட்டில் இல்லை. தாத்தா படம் மாட்டின சுவரில் ஒரு வெளுத்த கட்டம். விட்டுட்டுப் போய்ட்டாங்கடி என்றுதான் நினைத்தேன். ஆனாலும் இன்ஸ்பெக்டர் மாதிரி அடுப்பு மேடையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

மூலையில் என் வயசுக்காரி ஒருத்தி குந்தியிருந்தாள்.

"ஏன் நின்னுகினே இருக்க? ஒக்காரு."

"எங்க வீட்டு ஆளுங்க எங்கம்மா?"

"லாரில ஏத்திகினு போயிருப்பாங்க. அப்பால வந்து இட்டுகினு போறோம்னு சொன்னாங்களா? என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. வூடு பெருசு, ரெண்டு பேரு தாராளமா இருக்கலாம்."

எடுத்தேன் ஓட்டம். முனையில் போர்டைப் பார்த்தால், அது பக்கத்து ரோடு! இந்த ஊரில்தான் எல்லா வீடும் ஒரே அச்சாயிற்றே. என்னை நானே திட்டிச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அப்பன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், என்னை எங்கடா அனுப்பப் போற?"

"நீ பண்ருட்டிக்கு, தங்கச்சி புவனா வீட்டுக்குப் போறேல்லம்மா?"

உன் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "என்னங்க சொல்றீங்க? அத்தை நம்மகூடதானே சென்னைக்கு வர்றாங்கன்னு புவனா நேத்துதான் கேட்டா!"

மூன்று பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். இன்ஸ்பெக்டர் பிடிக்காமல் விட்ட கொலைகாரன் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "சென்னைக்கே வாம்மா" என்றான். லாரியில் முன்சீட்டு எனக்கு என்று சொல்லிவிட்டேன்.

குளிர் அண்டாமல், கொலை அண்டாமல் நீ நன்றாகப் படித்துவர மாரியாத்தா துணை. காதை மூடிக் குல்லா போட்டுக்கொள்.

இப்படிக்கு,
அப்பத்தா.

பின்குறிப்பு: பக்கத்து ரோடு என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. ரெஜினா டீச்சர் இப்போது வந்திருந்தாள். அந்த ரோட்டு வீடுகளைப் போன மழைக்கு முன்னாலேயே இடித்துவிட்டார்களாம். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். வெறும் புல். லாரி நாளைக்குத்தான் வருகிறது. கட்டி வைத்த பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்துதான் நான் இதை எழுதுகிறேன். உன் அப்பன் இறங்கிவந்து சாப்பிடச் சொல்கிறான். என்னை லாரியில ஏத்துன பெறகு சாப்பிடுறேன்னு சொல்லிட்டேன்.