சைக்காவில் போன பயிற்சியாளர்

வேலைவெட்டி இல்லாதவனுக்குத்தான் உலகத்தின் மேல் கோபம் அதிகம் வரும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ரங்கூனில் பல்கலைக்கழகங்களை மூடி வைத்திருந்த வருஷங்கள் அவை. அப்பாவுக்கு நகரின் நடுவே கியாக்டடாவில் ஒரு கப்பல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. காலையில் அவர் கிளம்பியதும், அலோன் பேட்டையில் எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலி என் ஆட்சிக்கு வந்துவிடும். அதில் சாய்ந்துகொண்டு நான் கோபப்படாத விஷயம் கிடையாது. வராத பஸ், நிற்காத மின்வெட்டு, அம்மா வைக்கும் பருப்பு. (வேற என்னதான் செய்யறது?)

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை ஸ்டெல்லாவைப் பள்ளிக்கூடத்துத் தொடர் ஓட்டத்தில் சேர்த்தார்கள். நாலு பெண்கள், ஆளுக்கு இரண்டு மைல். குச்சிக்குப் பதிலாகத் தோளில் குறுக்கே ஒரு பச்சைத் துணிப்பட்டை. ஓடி முடித்தவள் அதைக் கழற்றி அடுத்தவள் கழுத்தில் மாட்ட வேண்டும். ஸ்டெல்லா மூன்றாவதாக ஓட வேண்டியவள்.

நான் உடனே என்னை அவளுடைய பயிற்சியாளனாக நியமித்துக்கொண்டேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாமல், தவறிய பஸ்ஸை நின்று திட்டுகிற ஆள். இருந்தாலும் நாற்காலியில் சாய்ந்தபடியே, "கையை வீசு, மூச்சை மூக்கால விடு" என்று தினமும் சொல்லிக்கொடுத்தேன். அவள் பதிலே பேச மாட்டாள். அதற்கும் எனக்குக் கோபம்.

ஓட்டம் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் ஊர்க் குளிர் அப்படியொன்றும் பெரிய குளிர் இல்லை. ஆனால் வருஷத்தில் சில வாரமே கிடைப்பதை யாரும் வீணாக்குவதில்லை. நான் ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, அதற்கு மேல் அம்மாவின் சால்வை என்று மூட்டையாகக் கிளம்பினேன். ஆற்றுப் பக்கம் ஒரே பனிமூட்டம். ஓரமாக நின்றால் தங்கச்சி ஒரு நொடியில் கடந்துபோய்விடுவாள். அப்புறம் அவளை யார் திருத்துவது? அதனால் தெருமுனையில் நின்ற கோ வின்னின் சைக்காவைக் கூப்பிட்டேன். சைக்கிளுக்குப் பக்கத்திலேயே இருக்கை வைத்த வண்டி. ஓட்டுகிறவர் மிதிக்க, நாம் பக்கத்தில் சொகுசாக உட்கார்ந்துகொள்ளலாம்.

"ஓடற பிள்ளை பக்கத்திலயே போகணும்" என்றேன்.

"ரெண்டு மைலுமா?"

"ஆமா."

கோ வின் என் சால்வையை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறி மிதித்தார்.

ஸ்டெல்லா பட்டையை வாங்கியபோது அவள் பள்ளிக்கூடம் இரண்டாவது இடத்தில் இருந்தது. நான் ஆரம்பித்தேன். "தோளை இறக்கு. கை எங்க? கை. முன்னால போறாளே, அவ மட்டும் என்னத்தைத் தின்னுட்டு வந்தா?" நடுநடுவே பிளாஸ்டிக் பையில் வாங்கி வைத்திருந்த டீயை உறிஞ்சிக்கொண்டேன். கோ வின்னுக்கு மூச்சு வாங்கியது. அவரையும் விரட்டினேன்.

"தம்பி, இது சைக்கா. மோட்டார் இல்ல" என்றார்.

ஒரு டீக்கடைக்கு எதிரே, நடு ரோட்டில், ஸ்டெல்லா நின்றுவிட்டாள்.

வெளியில் சண்டை வந்தால் நாங்கள் தமிழில் போட்டுக்கொள்வோம், அக்கம்பக்கத்துக்குப் புரியாது. அன்று அவள் பர்மியில் பேசினாள். டீக்கடை முழுவதற்கும் புரிய வேண்டுமே.

"கோகோ, இறங்கு." (அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது. அதில் ஒரு மரியாதையும் இல்லை அன்றைக்கு.)

"என்ன ஆச்சு? பின்னால ஆள் வருது."

"தெரியும். ஒரு மாசமா எனக்கு ஓடச் சொல்லித் தர்றியே, இன்னிக்கு நீ ஓடு. நான் உக்காந்து சொல்றேன்."

பட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். என் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டு, சைக்காவில் ஏறிக் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். கோ வின் மனிதராக இருந்தால் அவளை இறங்கச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பெல் அடித்தார்.

டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது. அடுத்த முனையில் ஒரு பெண் இந்தப் பட்டைக்காகக் காத்து நிற்கிறாள். நான் என்ன செய்ய? லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். குல்லா கண்ணை மறைத்தது. சால்வை காலில் சுற்றியது. பக்கத்திலேயே சைக்கா வந்தது.

"கையை வீசு" என்றாள் ஸ்டெல்லா. "மூச்சை மூக்கால விடு."

மூன்று பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒருத்தி "வழி விடுங்க மாமா" என்றாள். இருபத்திரண்டு வயதில் மாமா. ஒரு வெற்றிலைக் கடை வந்தபோது செருப்பு வார் அறுந்தது. அதன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டெல்லா இறங்கி வந்தாள். பட்டையை உருவிக்கொண்டு ஓடினாள். அந்தக் கோபத்தில் அவள் ஓடிய ஓட்டம் என் பயிற்சியில் ஒருநாளும் வந்திருக்காது. தாண்டிப் போனவர்களில் இரண்டு பேரைப் பிடித்துவிட்டாள். கடைசியில் அவர்கள் பள்ளிக்கூடம் மூன்றாவதாக வந்தது. பரிசு உண்டு.

ஆனால் சைக்கிளில் பின்தொடர்ந்து வந்த நடுவரம்மா டோ மியா எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லாத ஒருத்தர் பட்டைய மாட்டிக்கிட்டு ஓடியிருக்காரு. அதுவும் ஆம்பளை. சேர்க்க முடியாது" என்றார்.

("ஓடியிருக்காரு" என்று அவர் சொன்னதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை.)

நாலு பெண்களும் அழவில்லை. வரிசையாக நின்று என்னை முறைத்தார்கள். அரைநாள் லீவு போட்டு வந்திருந்த அப்பா ஸ்டெல்லாவிடம் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவ ஓடற இடத்துல நீ ஏன்டா ஓடின?"

இன்றைக்கும் கேட்கிறேன்: நின்றது அவள், வண்டியில் ஏறியது அவள், பெயர் கெட்டது எனக்கா?

கிறிஸ்துமஸ் வரை ஸ்டெல்லா என்னோடு பேசவில்லை. பண்டிகையன்று மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தபடி, பிரியாணியில் உப்புக் குறைவு என்று அம்மாவிடம் குரல் கொடுத்தேன். ஸ்டெல்லா உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து, மெதுவாக என் கழுத்தில் குறுக்கே மாட்டிவிட்டுப் போனாள். முதலில் சிரித்தது அம்மா. அப்புறம், வீட்டில் சிரிக்கவே சிரிக்காத அப்பா.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்து யார் யோசனை சொன்னாலும் கழுத்தில் துணி விழும். பெரும்பாலும் என் கழுத்தில். கல்யாணமான மறுவாரமே என் மனைவிக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். போன வாரம் வீடு பெருக்கிக்கொண்டிருந்தவளிடம், மூலையில் தூசி இருக்கிறது என்று சுட்டிக்காட்டினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் நாலு வயது மகள் கைக்குட்டையோடு வந்து நின்றாள். எம்பிப் பார்த்தாள், கழுத்து எட்டவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

குனிந்து கொடுத்தேன்.