மஞ்சள் கொடி கட்டிய கடையில் மாப்பிள்ளை பார்த்தது

ஆரணி,
11-11-1985

பெரணமல்லூரில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் ஜீவந்தரன் அவர்களின் சமூகத்துக்கு ரத்னம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. அருகன் அருளால் இங்கே உங்கள் தங்கையும் மகள் கனகவதியும் நலம். நான் நலமா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளவும்.

பட்டு வியாபாரிகளோடு பாங்காக் போகிறவர் அப்படியே கனகவதிக்குப் பேசியிருக்கும் பையனையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். பார்த்தேன். ஊர் திரும்பி இரண்டு வாரமாகியும் உங்களுக்கு எழுதாததற்குக் காரணம் வேலை அல்ல, வெட்கம். சுமதிராஜ் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். நல்ல உயரம், அடக்கமான பேச்சு. மத்தியானம் சாப்பிட அவன் தெருமுனையில் இருந்த ஒரு சின்னக் கடைக்கு என்னை அழைத்துப்போனான். நாலே நாலு மேஜை. வாசலில் மஞ்சள் காகிதக் கொடி, அதில் சிவப்பில் ஏதோ எழுத்து. "இத ஜேன்னு படிக்கணுங்க ஐயா. கறி, மீனு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது" என்றான். ஜே என்றால் ஜைனர்தான் என்று நானே அர்த்தம் செய்துகொண்டு, நம்மவர்கள் கடல் கடந்தும் ஓட்டல் வைத்திருக்கிறார்களே என்று பெருமையோடு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பையன் எதையோ சொல்ல வாய் எடுத்தான். உலகம் தெரிந்தவன் போல நான் கையைக் காட்டி அடக்கிவிட்டேன்.

தட்டு வந்தது. அதில் ஒரு முழு மீன் படுத்திருந்தது. செதில், வால், கண் எல்லாம் சரியாக இருந்தன. தோளில் இருந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து அந்த மீனின் மேல் போட்டு மூடிவிட்டு, எழுந்து நின்று பஞ்ச நமஸ்கார மந்திரத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். கடையில் இருந்தவர்கள் அதைச் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் பிரார்த்தனை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆளாளுக்குக் கரண்டியை வைத்துவிட்டுக் கை கூப்பினார்கள். நிறுத்தவும் முடியவில்லை, முழுவதும் சொல்லி முடித்தேன். பிறகு பையன் பக்கம் திரும்பி, "எழுந்துருப்பா, பொண்ணும் கிடையாது ஒண்ணும் கிடையாது. நாலு பேர் பாத்துகினு இருக்க சொல்லவே எனக்கு மீனு வைக்கிறியா" என்று கத்தினேன்.

"அது மீனு இல்லீங்க ஐயா, மொச்சை மாவுங்க" என்றான் அவன், மெதுவாக. நான் நம்பவில்லை. கடைக்கார அம்மாள், நல்ல பருமன், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். என் கண் முன்னாலேயே மாவைப் பிசைந்து, கரண்டி நுனியால் செதில் செதிலாக அழுத்தி, கண்ணுக்கு ஒரு மிளகைப் பதித்தாள். வெளியே வந்தபோது கடை முழுவதும் சிரித்தது. பையன் மட்டும் சிரிக்கவில்லை. குழம்பில் நனைந்த அங்கவஸ்திரத்தை எடுத்துக் கழுவிப் பிழிந்து ஜன்னலில் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அவமானத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் அவனுக்கு வேலை. என் தைரியத்தை எனக்கே நிரூபித்துக்கொள்ள நான் தனியாகவே அந்தக் கடைக்குப் போய், பக்கத்து மேஜையில் இருந்த மீனைக் காட்டினேன். அந்த அம்மாள் தயங்கி ஏதோ சொன்னாள். எல்லாம் எனக்குத் தெரியும் என்று சைகை செய்தேன். அன்றைய வேலைப்பாடு இன்னும் அபாரம், மச்சான். முள்கூட வைத்திருந்தாள். முப்பது வருஷமாக ஜரிகையைத் தொட்டே அசலா போலியா என்று சொல்கிறவன் நான். அப்படிப்பட்ட நானே சாப்பிட்டு முடித்து அந்த முள்ளை விரலில் எடுத்து வைத்துக்கொண்டு வியந்துபோனேன். ஊர் வந்ததும் கோயிலில் நாலு பேரிடம் அதை விவரித்தும் சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பையனிடம் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம். நாற்காலி மேல் சம்மணம் போட்டதையும், மொச்சை மாவுக்கு மந்திரம் சொன்னதையும் பார்த்தவன் முன்னால் நான் எப்படி மாமனார் என்று உட்காருவது? கனகவதிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். ஜாதகம் பொருந்தவில்லை என்றோ தூரதேசம் என்றோ நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும். அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
ரத்னம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் சுமதிராஜின் கடிதத்தைக் கொடுத்தார். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: "நாம் சேர்ந்து சாப்பிட்ட அன்றோடு அவர்களுடைய ஜே நோன்பு முடிந்துவிட்டது. மறுநாள் கொடியை இறக்கி வழக்கமான சமையலுக்குத் திரும்பிவிட்டார்கள். நீங்கள் தனியாக வந்ததைக் கடைக்கார அம்மாள் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்." மச்சான், மேலே எழுதியதை எல்லாம் அடுப்பில் போடவும். இதைப் படித்ததிலிருந்து நான் உபவாசம். வயிறு சரியில்லை என்று உங்கள் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். இந்தப் பையன் நம் குடும்பத்துக்கு வெளியே ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. தை மாத முதல் முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை முடித்துவிடவும்.