எண்பத்து நாலில் வந்தவரின் வானிலை

சிட்னியில் வானிலை சொல்பவர்கள் இரண்டு இனம். ஓர் இனம் தொலைக்காட்சியில் வரும். செய்மதிப் படம், காற்றழுத்தம், அம்புக்குறி என்று ஏதேதோ காட்டிவிட்டு, மழை பெய்யக்கூடும் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். மற்ற இனம் பென்டில் ஹில் மளிகைக் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். இதற்குச் சந்தேகம் என்பதே கிடையாது.

இந்த இரண்டாவது இனத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். எங்களுக்கு வாய்த்தவர் இந்திரகுமார் அண்ணை. குடை எடுப்பதா, உடுப்பைக் காயப்போடுவதா, பிள்ளையின் பிறந்தநாளைப் பூங்காவில் வைப்பதா மண்டபத்தில் வைப்பதா, எதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் பக்கத்தில் எவரும் துணிவதில்லை. வானத்தைப் பார்ப்பார், மூக்கை உறிஞ்சுவார், முழங்காலைத் தடவுவார், பிறகு தீர்ப்பு. எத்தனை தீர்ப்புகள் பிழையாய்ப் போயின என்று கேட்கிறீர்களா? அதை யார் பார்த்தது? அவர் இலங்கையிலிருந்து எண்பத்து நாலிலேயே இங்கு வந்தவர். எங்களுக்குள் முந்தி வந்தவருக்கு நல்ல பள்ளிக்கூடம் தெரியும், வீடு வாங்கும் வழி தெரியும், மேகத்தின் உள்மனமும் தெரியும். தொலைக்காட்சிக்காரர் இங்கேயே பிறந்தவராம். பிறப்பது ஒரு தகுதியா? வந்திருக்க வேண்டும்!

அந்த ஜூலையில் குளிர்காலம் எங்கேயோ வழி தவறிப் போயிருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தோம். வாட்டில் மரங்கள் அவசரப்பட்டு மஞ்சளாகப் பூத்துவிட்டன. அப்படியொரு வெள்ளிக்கிழமை மாலை தொலைக்காட்சி சொன்னது: தெற்கிலிருந்து கடும் குளிர் வருகிறது, ஞாயிறு காலை புளூ மவுண்டன்ஸ் மலைகளில் பனி கொட்டும்.

கேட்டதும் துள்ளி எழுந்தவள் ஸ்ரெல்லா. எங்கள் பக்கத்துப் பேர்னாட்டின் மனைவி மாக்கிறேட்டுக்குத் தங்கை; மன்னாரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஆசிரியை. வெயிலில் வேகும் தன் வகுப்புப் பிள்ளைகளிடம், பனிக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை அவளுக்கு விமானம். இனி இந்த ஞாயிறுதான்.

பேர்னாட் என்ன செய்தான்? காருக்குப் பெட்ரோல் அடிக்கவில்லை. இந்திரகுமார் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தான். மறுநாளே அவர் நேரில் வந்து கதிரையில் அமர்ந்தார்.

"ஸ்நோவோ? இந்த வெயிலுக்கையோ? தங்கச்சி, நான் எண்பத்தி நாலில வந்தனான்."

"டிவியில சொன்னவங்கள், அண்ணை," என்றாள் ஸ்ரெல்லா.

"அவங்கள் சொல்லுவாங்கள். என்ர முழங்கால் ஒண்டும் சொல்லேல்லையே!"

முழங்காலே சொல்லாதபோது பேர்னாட் பாவம் என்ன செய்வான்? ஹரிஸ் பார்க்கில் இனிப்பு வாங்கித் தருவதாக மைத்துனிக்குச் சமாதானம் சொன்னான். அவள் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல் மாக்கிறேட் குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வந்தாள்.

"ஸ்நோ வராட்டிப் பரவாயில்லை. மலையையாவது பாத்திட்டு வருவம். அண்ணை, நீங்களும் வாங்கோ."

"வாறன், வாறன். இல்லையெண்டு காட்டத்தானே வேணும்!"

ஞாயிறு காலை அவர் அரைக்கைச் சட்டையோடு வந்து காரின் முன் சீற்றில் ஏறினார். ஜாக்கெட் போட்டால் தன் தீர்ப்பைத் தானே சந்தேகிப்பதாகிவிடாதா? வழியெல்லாம் அவர் பேச, பேர்னாட் தலையாட்ட, பின் சீற்றில் புட்டும் சம்பலும், பனி மனிதனின் மூக்குக்கென்று ஸ்ரெல்லா மடியில் வைத்திருந்த ஒரு கரட்டும் பயணம் செய்தன.

"அந்தக் கரட்டைப் பின்னேரம் கறி வையுங்கோ," என்றார்.

மலை ஏற ஏறக் கார்க் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. அண்ணை கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்துப் பார்த்தார். மலைமேல் ஊரான கட்டூம்பாவில் கூரை, வேலி, தபால்பெட்டி எல்லாம் வெள்ளை. இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, ஸ்நோ!" ஸ்ரெல்லா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

அவரும் இறங்கினார். மொட்டைத் தலையில் பனி, மீசையில் பனி. பற்கள் தந்தியடித்தன.

"இது... ஸ்நோ... இல்லைத் தங்கச்சி. ஆலங்கட்டி."

ஸ்ரெல்லா திரும்பி வந்தாள். தன் ஊதாச் சால்வையைக் கழற்றி அவருடைய தலையோடு போர்த்திவிட்டாள். அங்கே எடுத்த படம் இப்போது மன்னாரில் ஒரு வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது: நடுவில் கரட் மூக்கோடு பனி மனிதன், ஒரு பக்கம் ஸ்ரெல்லா, மறுபக்கம் விறைத்துப்போன நம் அண்ணை. "ரீச்சர், இதில எது ஸ்நோ மனிசன்?" என்று பிள்ளைகள் கேட்டார்களாம். அவள் வாக்குத் தப்பவில்லை என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"நான்தான் அவையளைக் கூட்டிக்கொண்டு போனனான். எண்பத்தி நாலில வந்தவனுக்குத் தெரியாதே, ஸ்நோ எப்ப கொட்டுமெண்டு?"

சுற்றி நின்றவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பேர்னாட்டும்தான்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம், புதிதாக வந்திறங்கிய ஒருவர் நாளைக்கு ஜாக்கெட் தேவைப்படுமா என்று உங்களிடம் கேட்டாரே, அவருக்கு நீங்கள் முதலில் சொன்னது என்ன? நாளைய வானிலையா, நீங்கள் வந்த வருடமா?