மரங்கொத்திக்கு ஹாரன் வேண்டாம் என்று சாமி சொல்லிவிட்டது

நாமக்கல்,
டிசம்பர் 9.

அன்பும் அறிவும் நியாயமான கோபமும் நிறைந்த மகள் நித்யஸ்ரீக்கு, அப்பா கண்ணுசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் பட்டறையில் வேலை செய்யும் பதினான்கு பேரும் குலசாமி புண்ணியத்தில் சௌக்கியம். மிஷின் மட்டும் சௌக்கியமில்லை. பெங்களூரில் சிநேகிதி வீட்டில் நீயும் உன் லேப்டாப்பும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு படு.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "போன் பண்ணாதீங்கப்பா. நீங்க பேச ஆரம்பிக்கறப்ப ஒரு மிஷினு, வெக்கறப்ப வேற மிஷினு. அது என்ன செய்யோணும்னு சொந்தக்காரங்க அத்தன பேரும் முடிவு பண்ணிக் கையெழுத்துப் போட்டு எழுத்துல அனுப்புங்க. அப்பத்தான் வருவேன்" என்றாய். அதனால்தான் முப்பது வருஷம் கழித்துப் பேனாவை எடுத்திருக்கிறேன். கடைசியாக நான் எழுதிய கடிதம், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் கிடந்தபோது உன் அம்மாவுக்கு எழுதியது. கடிதத்துக்கு முன்னால் நான் வீடு வந்து சேர்ந்துவிட்டேன். அதனால் இதைக் கொரியரில் அனுப்புகிறேன்.

பதினெட்டாம் தேதி அந்த முட்டை ஏற்றுமதிக்காரர் மிஷினைப் பார்க்க வருகிறார். பிடித்தால் பன்னிரண்டு மிஷின் எடுப்பார், பிடிக்காவிட்டால் வெளிநாட்டு மிஷினுக்குப் போய்விடுவார், உன்னுடைய மூன்று வருஷம் காயலான் கடைக்குப் போய்விடும். இது உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ கிளம்பினாய் என்றால் நாங்கள் எந்த அளவுக்குப் படுத்தியிருக்கிறோம் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. முட்டைக் கிடங்கில் நம் சின்னாயி இரண்டு முட்டையை லேசாக ஒன்றோடொன்று தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவாள். அந்த வேலையைச் சின்னச் சுத்தியலும் மைக்கும் கேமராவும் வைத்து ஒரு மணி நேரத்துக்கு முப்பதாயிரம் முட்டைக்குச் செய்யும்படி நீ வடிவமைத்தாய். தட்டித் தட்டிப் பார்ப்பதால் பட்டறைக்காரர்கள் அதற்கு மரங்கொத்தி என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரோடு விட்டிருந்தால் போதும். விட்டோமா?

சொந்தக்காரர்களின் வாயை அடைக்க நீ ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டாய். மாற்றம் வேண்டுபவர்கள் இதில் எழுதுங்கள், மாதம் ஒரு தடவை பரிசீலிப்போம் என்று அட்டையில் எழுதியும் வைத்தாய். உன் படிப்புக்கு அது சரிதான். ஆனால் கண்ணு, நம் சனத்தின் முன்னால் நோட்டை விரித்தால் அது மொய் நோட்டு. பெரியப்பா எழுதிவிட்டார் என்று தெரிந்த பிறகு மாமா எழுதாமல் இருந்தால் மரியாதையா? மாமா இரண்டு எழுதினால், அத்தை மூன்று எழுதாவிட்டால் அத்தையின் கௌரவம் என்னாவது? நீ போன நாலாவது நாளே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கமும் தீர்ந்து, இரண்டாவது நோட்டை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பிள்ளையார் சுழியும் நானே போட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உன் பெரியப்பா சின்னண்ணன், தன்னிடம் நாற்பதாயிரம் கோழி இருக்கிற உரிமையில், "எந்தக் கோழி போட்ட முட்டைன்னு மிஷினு சொல்லோணும். வெரிசல் வுடற கோழிய நான் தனியாக் கூப்புட்டுப் பேசிக்கறேன்" என்று எழுதினார். பொன்னாத்தாள் அத்தை பரமத்தி வேலூரிலிருந்து ஒரு கட்டு வெற்றிலையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். "ஏந் தம்பி, முட்டையத் தட்டிப் பாக்கற மிஷினுக்கு வெத்தல எண்ணத் தெரியாதாக்கும்?" என்று கேட்டாள். உன் உதவியாளர் சபரிநாதன் பாவம், வயசில் பெரியவர்களிடம் முடியாது என்று சொல்லி வளர்ந்த பையனா அவன்? வெற்றிலையைப் பெல்ட்டில் வைத்தான். சுத்தியல் தட்டியது, சத்தமே வரவில்லை, சத்தம் வராததால் விரிசலும் இல்லை என்று மிஷின் முடிவு கட்டி, நூறு வெற்றிலையையும் முதல் தர முட்டை என்று பச்சை விளக்குப் போட்டு அனுப்பிவிட்டது. ஈர வெற்றிலை ஒன்று கேமராவில் ஒட்டிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அது எதைப் பார்த்தாலும் வெற்றிலையைத்தான் பார்த்தது. அத்தைக்கு ஒரே சந்தோஷம், "பாத்தியா, நம்ம தோட்டத்து வெத்தலைய பஸ்ட் கிளாஸுன்னு சொல்லீருச்சு" என்று ஊருக்கெல்லாம் போன் போட்டாள்.

இதெல்லாம் சும்மா. உன் மாமன் வேல்முருகன் செய்ததுதான் பெரிசு. லாரிக்குப் பாடி கட்டுகிறவன், கை சும்மா இருக்குமா? "ஒடஞ்ச முட்டைய மிஷினு கண்டுபுடிச்சா அது ஊருக்குத் தெரிய வேண்டாமுங்களா மச்சான்?" என்று கேட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஒரு ஏர் ஹாரனைப் பொருத்திவிட்டான். நல்ல எண்ணம்தான். முதல் விரிசல் முட்டை வந்தது, ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்தை மைக் கேட்டது. அடுத்த முட்டை நல்ல முட்டை, ஆனால் இவ்வளவு சத்தம் போட்டால் அது உடைந்த முட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று மிஷின் நினைத்து மறுபடி ஹாரன் அடித்தது. அதையும் மைக் கேட்டது. அப்புறம் நிற்கவே இல்லை. ரோட்டில் போன லாரிக்காரர் ஒருவர், பின்னால் யாரோ வழி கேட்கிறார்கள் என்று ஓரங்கட்டி ரொம்ப நேரம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். மிஷின் எல்லா முட்டையையும் உடைந்தது என்று தள்ளியது. கடைசியில் அது சொன்னதும் பொய்யாகப் போகவில்லை. சுவிட்சை அணைக்க ஓடிய சபரிநாதன் கால் தடுக்கி விழுந்ததில் மூன்று தட்டு முட்டை நிஜமாகவே உடைந்தது.

இவர்களில் யாரிடம் நான் முடியாது என்று சொல்வேன், நீயே சொல். பெரியப்பா என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அத்தை நான் கட்டிக்கொடுத்த தங்கச்சிகூட இல்லை, என்னை மிரட்டி வளர்த்த அக்கா. உன் மாமனிடம் முடியாது என்று சொன்னால் உன் அம்மா ஒரு வாரத்துக்கு எனக்கு ரசம் மட்டும்தான் ஊற்றுவாள். மேலாளருக்கு முதல் கடமை மறுத்துச் சொல்வது என்று உன் புத்தகத்தில் போட்டிருப்பதாகச் சொன்னாயே, அதை எழுதிய புண்ணியவானுக்குப் பரமத்தி வேலூரில் அக்கா கிடையாது.

ஹாரன் அடித்த அன்றைக்கு ராத்திரி இதையே சொல்லிப் புலம்பினேன். அப்போது உன் அம்மாதான், "ஏனுங்க, போர் போட எடம் பாக்கறதுக்கே பூக் கேட்டுத்தான் போடுவீங்க. இதுக்கும் கேட்டுப்போடலாமில்லீங்க?" என்றாள். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று! வெள்ளிக்கிழமை எல்லோரும் மோகனூர்ப் பக்கம் நம் குலசாமி கோயிலுக்குப் போனோம். நீ சின்ன வயசில் பார்த்ததுதான், ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்தால் வெள்ளைக்கு உத்தரவு, சிவப்புக்கு மறுப்பு. உன் அம்மா பொட்டலம் மடித்துக் கொடுத்தாள். பூசாரி அம்மாசி எடுத்தார். மிஷின் விரிசல் மட்டும் பார்த்தால் போதுமா என்று கேட்டேன். வெள்ளை! அத்தை தலைக்கு மேல் கையைக் கூப்பிவிட்டாள். உன் மாமன் மட்டும், "சாமி ஹாரனப் பத்தித் தனியா ஒண்ணுஞ் சொல்லலீங்களே மச்சான்" என்று இழுத்தான். சரி, ஹாரனுக்குத் தனியாகக் கேட்டோம். சிவப்பு. வெற்றிலைக்குக் கேட்டோம், சிவப்பு. கோழியைக் கண்டுபிடிக்கக் கேட்டோம், சிவப்போ சிவப்பு. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமியே வேண்டாம்னுட்டா அப்பறம் நாம ஆரு?" என்று சொல்லி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். ஒருவருக்கும் மனஸ்தாபம் இல்லை. வரும் வழியில் எல்லோரும் கரும்புச் சாறு குடித்தோம்.

வீட்டுக்கு வந்து, எடுக்காமல் விட்ட பொட்டலங்களை நான் பிரித்துப் பார்த்தேன். முதல் தடவைக்கு மிச்சமிருந்ததும் வெள்ளை. மற்ற மூன்றும் சிவப்பு. உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "சாமிக்கு ஆயிரஞ் சோலிங்க. நம்ம மிஷினுக்கெல்லாம் ஒக்காந்து ரோசன பண்ணச் சொல்லி அதையெதுக்குச் செரமப்படுத்தோணும்?" என்றாள். இந்த மூன்று வருஷத்தில் நம் கம்பெனியில் ஆயிரம் யோசனை வந்திருக்கிறது, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது அந்த நாலு ஜோடிப் பொட்டலம் மட்டும்தான். இதை வெளியே சொல்லிவிடாதே.

ஆகவே நீ கேட்டபடி எல்லோருடைய கையெழுத்தும் போட்ட தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். மரங்கொத்தி விரிசல் பார்க்கும். வேறு எதுவும் செய்யாது. இனி ஒரு திருகாணிகூட மாறாது. ஹாரனைக் கழற்றியாயிற்று, நோட்டு இரண்டையும் பரணில் போட்டாயிற்று. உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. நீ கிளம்பிய அன்றைக்கு நான் எல்லோர் முன்னாலும் உன்னிடம் குரலை உயர்த்தியது தப்பு. நீ இல்லாமல் பட்டறை நன்றாகவே இல்லை சாமி. பதினெட்டாம் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, வந்துவிடு.

நீ தொட்டது துலங்கட்டும், தட்டியது உடையாமல் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,
அப்பா,
கண்ணுசாமி.

பின்குறிப்பு: கோயிலில் எல்லோரும் கேட்டார்கள், நான் மட்டும் எனக்கென்று எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் எனக்குச் சிவப்பும் வரவில்லை. சாமி மறுக்காத ஒன்றை நாம் மறுப்பது முறையல்ல என்பதால் ஒரே ஒரு சின்ன விஷயம். நல்ல முட்டை வரும்போது மிஷின் 'சபாஷ்' என்று சொல்ல வேண்டும். சத்தமாக அல்ல, மெதுவாக, உன் குரலில். கூடவே இன்றைக்கு மழை வருமா என்றும் சொன்னால் விவசாயிகளுக்குப் பிரயோஜனம். உனக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று ஸ்பீக்கருக்கு ஓட்டை மட்டும் நேற்றே நான் போட்டுவிட்டேன். துளை போடுவது எனக்குப் பழகின தொழில்தானே.

நித்யா கண்ணு, அம்மா எழுதறேன். கொரியருக்குக் குடுக்கறதுக்கு முந்தி இதையப் படிச்சுப் பாத்தேன். அந்த ஓட்டைல மாமனோட 'ஒலி எழுப்பாதீர்' ஸ்டிக்கர ஒட்டி அடச்சாச்சு. வர்ற வெள்ளிக்கெழம உங்கப்பாவ மட்டும் தனியாக் கோயிலுக்குக் கூட்டீட்டுப் போறேன். நம்ம ஊட்டுப் பொறத்தால செவப்பு அரளி நெறையாப் பூத்துக் கெடக்குது. நீ பஸ் ஏறு சாமி.